தேநீர் ஏந்தி வந்த பாவைகள்

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஜப்பானிய தேசத்துச் செல்வந்தர் ஒருவரின் இல்லத்துக்கு விருந்தினராகச் சென்றவர், பாய் விரித்த கூடத்தில் முறைப்படி அமர்ந்து வீட்டுக்காரரோடு க்ஷேம சமாசாரங்கள் பேசிக்கொண்டிருக்கையில், முக்கால் முழ உயரமுள்ள மரப்பாவை ஒன்று, ஆடை அலங்காரங்களோடு, இரு கைகளாலும் ஏந்திய தட்டின்மேல் தேநீர்க் கிண்ணத்தைச் சுமந்து, பாதங்களை மாற்றி மாற்றி எடுத்து வைத்துத் தலையை அசைத்தவாறு தம்மை நோக்கி வருவதைக் காண நேர்வதுண்டு. அவர் கிண்ணத்தை எடுத்தவுடன் பாவை நின்றுவிடும். தேநீரைப் பருகி முடித்து வெறுங்கிண்ணத்தைத் தட்டில் திரும்ப வைக்கும்வரை அந்த இடத்திலேயே பொறுமையாக நிற்கும். வைத்த மாத்திரத்தில் முதுகைக் காட்டித் திரும்பி, வீட்டுக்காரரிடம் போய்ச் சேரும். தேநீர் கொண்டுவர அந்த வீட்டில் பணியாட்களுக்குக் குறைவிருந்திராது. பாவை வந்ததன் நோக்கம் விருந்தினரை ஒரு கணம் வாய்பிளக்கச் செய்வது ஒன்றே.

கராகுரி என்று ஜப்பானியர் வழங்கும் இவ்வியந்திரப் பாவைகளின் சரித்திரம், பிரயோஜனம் ஏதும் கருதாமல் செய்யப்பட்ட பொருள்களின் சரித்திரமாகவே பெரும்பாலும் அமைந்தது. ஆயினும் அந்நாட்டில் நீராவி யந்திரமும் தந்திக் கருவியும் செய்ய வேண்டிய காலம் வந்தபோது, அவற்றைச் செய்யத் தெரிந்த கைகளுள் சில இந்த விளையாட்டுப் பாவைகளைச் செய்து பழகிய கைகளாகவே இருந்தன என்பது கவனிக்கத்தக்கது. நம் காவியப் புலவர் சிந்தாமணியில் மயிற்பொறி ஒன்றைக் கற்பனையில் பறக்கவிட்டார்; ஜப்பானியத் தச்சர்கள் அத்தனை உயரத்துக்கு ஆசைப்படாமல், தரையில் ஓர் அடி உயரப் பாவையை நடக்கவிட்டதோடு திருப்தியடைந்தனர். அவர்கள் நடக்கவிட்டது மெய்யாகவே நடந்தது.

இக்கலைக்கு வித்திட்ட பல்சக்கர வித்தை அந்நாட்டுக்குக் கடிகார ரூபத்தில் வந்தது. அதைக் கொண்டுசென்றவராகச் சொல்லப்படுபவர் தமிழ்நாட்டாருக்கு நன்கு பரிச்சயமானவர்: தூத்துக்குடி, மணப்பாடு முதலிய முத்துக்குளித்துறை ஊர்களில் பரதவரிடையே ஊழியம் செய்த புனித சவேரியாரேதான். 1549இல் ஜப்பானை அடைந்த அவர், 1551இல் யாமகுச்சி நகரில் ஆண்ட ஓவுச்சி யோஷிடாக்கா என்ற பிரபுவுக்கு அளித்த காணிக்கைகளுள் தானே மணியடிக்கும் கடிகாரம் ஒன்றும் இருந்தது. அந்தக் கடிகாரம் இன்று இல்லை. 1581இல் மாட்ரிட் நகரில் செய்யப்பட்டு, கரைதட்டி உடைந்த கப்பலின் மாலுமிகளைக் காப்பாற்றியதற்கு நன்றியாக ஸ்பெயின் அரசரால் ஜப்பானின் ஆட்சியாளர் டோகுகாவா இயெயாஸுவுக்கு அனுப்பப்பட்ட வேறொரு கடிகாரம், அவருடைய சமாதிக் கோயில்களுள் ஒன்றான குனோஸானில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

பாதிரிமார்கள் கொண்டுவந்த கடிகாரங்களைப் பார்த்துக் கொல்லர்கள் அவற்றைப்போலவே செய்யக் கற்றுக்கொண்டனர். அங்கே ஒரு விசித்திரமான சிக்கல் எழுந்தது. ஐரோப்பியக் கடிகாரம் இரவென்றும் பகலென்றும் பாராமல் நாளைச் சம பாகங்களாக வெட்டித் தரும். ஜப்பானியரோ விடியல் முதல் அந்தி வரை ஆறு பொழுது, அந்தி முதல் விடியல் வரை ஆறு பொழுது என்று கணக்கிட்டு வந்தனர். கோடையில் பகல் நீளும்போது பகற்பொழுது ஒன்று இன்றைய கணக்கில் இரண்டரை மணிக்கும் மேலாக நீளும். குளிர்காலத்தில் இரண்டு மணிக்கும் குறைவாகச் சுருங்கும். அன்றியும் பொழுதுகளை எண்ணும் முறையும் நேர்மாறானது: நள்ளிரவிலும் நண்பகலிலும் ஒன்பது மணியடித்து, எட்டு, ஏழு என்று இறங்கி நான்கோடு நிறுத்தி மீண்டும் ஒன்பதுக்குப் போவார்கள். இவ்வளவு கோணலான காலத்தை நேரான பல்சக்கரத்தால் எப்படிக் காட்டுவது? வேறு எந்த நாட்டாரும், கடிகாரத்துக்காகத் தங்கள் காலக்கணக்கை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஜப்பானியர் தங்கள் காலக்கணக்குக்காகக் கடிகாரத்தை வளைத்தனர். கடிகாரத்தின் வேகத்தை ஆளும் ஊசலாடும் தண்டில் சிறு எடைகளைத் தொங்கவிட்டு, அவற்றை நடுவுக்கும் ஓரத்துக்குமாக நகர்த்தி வேகத்தைக் கூட்டிக் குறைத்தனர். இரவுக்கும் பகலுக்கும் தினந்தோறும் இருமுறை எடை நகர்த்துவது தொல்லையாக இருக்கவே, பகலுக்கு ஒரு தண்டு, இரவுக்கு ஒரு தண்டு என்று இரண்டை ஏற்றி, அந்தியிலும் விடியலிலும் கடிகாரம் தானே ஒன்றைவிட்டு மற்றொன்றுக்கு மாறும்படி செய்தனர். பிறகு பருவம் மாறுவதற்கேற்பப் பதினைந்து நாளுக்கொருமுறை எடைகளைத் திருத்தினால் போதுமாயிற்று. இத்தகைய கடிகாரத்தை வைத்துக் காப்பதற்குப் பெரும் பிரபுக்களால்தான் முடிந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பல்லும் தண்டும் விசையும் எவ்விதமெல்லாம் தாமே இயங்கித் தாமே மாறக்கூடும் என்ற அறிவு, இந்தக் கோணல் காலத்தின் புண்ணியத்தால் அந்நாட்டுத் தொழிலாளரிடையே ஆழமாக ஊறிவிட்டது.

இதற்குள் ராஜாங்கம் கதவை அடைத்துவிட்டது. 1639இல் போர்த்துகேசியர் வெளியேற்றப்பட்டனர். 1641 முதல் நாகசாகி துறைமுகத்தில் மண்ணைக் கொட்டி எழுப்பிய டெஜிமா என்னும் சிறு தீவில் ஐரோப்பியருள் டச்சுக்காரர்கள் மட்டும், ஏறக்குறையச் சிறைவாசிகளைப்போல, வியாபாரம் செய்ய அனுமதிக்கப்பட்டனர். உள்நாட்டிலும் நூதனங்கள் மீது ஆட்சியாளருக்கு நல்லெண்ணம் இருக்கவில்லை. 1721இல், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரிலிருந்து ஆண்ட அரசாங்கம் பிறப்பித்த ஆணை ஒன்று, துணிமணிகளிலாகட்டும், பாத்திரங்களிலாகட்டும், பலகாரங்களிலாகட்டும், அதுவரை இல்லாத புதுவகை எதையும் செய்யக்கூடாது என்று தடுத்தது. பெருவழிகளில் சக்கர வண்டி ஓட்டுவதற்குப் பெரும்பாலும் இடமில்லை. மக்கள் நடந்தோ பல்லக்கிலோ குதிரையிலோ பயணம் செய்தனர். எடோவுக்கும் கியோட்டோவுக்கும் இடையிலுள்ள தலையாய சாலையில் குறுக்கிடும் ஓய் நதிக்குப் பாலமும் கட்டவில்லை, ஓடமும் விடவில்லை. கூலியாட்களின் தோளேறியே கடக்க வேண்டும். சாலையில் சக்கரத்துக்கு இத்தனை முட்டுக்கட்டை இருந்த அதே நாட்டில், கூடத்துப் பாவையின் வயிற்றுக்குள் சக்கரங்கள் எவ்விதத் தடையுமின்றிச் சுழன்றுகொண்டிருந்தன. பொம்மையைக் கண்டு அஞ்சும் அரசாங்கம் எதுவுமில்லையல்லவா?

பொம்மைகள் முதலில் பிரசித்தி பெற்ற இடம் ஒஸாகா. வணிகர் நகரமாகிய அவ்வூரின் டோட்டொன்போரி வீதியில் 1662இல் டகேடா ஓமி என்ற கடிகார நிபுணர் யந்திரப் பாவைக் கூத்துக்கென்றே ஓர் அரங்கு திறந்தார். ஓமி என்பது அவருடைய திறமையைக் கண்டு அரண்மனை வழங்கிய கௌரவப் பட்டம். அவர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நூறாண்டுக்கு மேல் நடத்திய அக்கூத்து, 1741இல் தலைநகரமாகிய எடோவுக்கும் சென்று பெருங்கூட்டத்தை ஈர்த்தது. அங்குக் காட்டிய வேடிக்கைகள் எல்லாம் பல்சக்கரத்தால் இயங்கியவையல்ல. மறைவில் நூலிழுப்பது, நீரோட்டத்தைப் பயன்படுத்துவது முதலிய உபாயங்களும் இருந்தன. கூட்டத்தாருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ரகசியத்தை அறிய விரும்பியவர்களுக்காக 1730இலேயே ஒரு சித்திரப் புத்தகம் வெளியாகி, இன்னின்ன வேடிக்கை இன்னின்ன விதமாக நடக்கிறது என்று படம்போட்டு அம்பலப்படுத்திவிட்டது. அதற்குப் பின்னும் கூத்துக்குக் கூட்டம் குறையவில்லை என்பதிலிருந்து, ரசிகர்கள் ஏமாறுவதற்காக மட்டும் வரவில்லை என்று ஊகிக்கலாம். நாடகக் கலைக்கும் இதன் வாசனை ஏறிற்று. 1758இல் அதே ஒஸாகாவில் கபுகி நாடகாசிரியர் நாமிகி ஷோஸோ அமைத்த சுழல்மேடை, ஐரோப்பிய அரங்குகளில் அத்தகைய மேடைகள் வழக்கத்துக்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்டது.

கூத்தரங்குகளைவிட எனக்கு அதிகச் சுவையாகத் தோன்றுவது 1796இல் வெளிவந்த ‘கராகுரி ஸுயி’ என்னும் மூன்று பாக நூல். அதை இயற்றிய ஹோஸொகாவா ஹான்ஸோ, ஷிகோகு தீவிலுள்ள டோசா நாட்டைச் சேர்ந்தவர். பஞ்சாங்கத்தைச் சீர்திருத்தும் பணிக்காக எடோவில் அமர்த்தப்பட்ட கணித வல்லுநர். வானத்துக் கிரகங்களின் சஞ்சாரத்தைக் கணக்கிட்டவர் பொம்மை செய்யும் விதத்தை விளக்கி நூல் எழுதுவது தம் பெருமைக்குக் குறைவென்று நினைக்கவில்லை. முதற்பாகத்தில் நான்குவகைக் கடிகாரங்களையும், மற்ற இரண்டில் ஒன்பதுவகைப் பாவைகளையும், உறுப்பு உறுப்பாகப் பிரித்து, அளவும் பொருளும் குறித்து, படங்களோடு விவரித்தார். தொழில் ரகசியத்தைத் தந்தை மகனுக்கு மாத்திரம், அதுவும் அந்திமக் காலத்தில், காதோடு சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றியிருந்த காலத்தில், வாங்கிப் படிப்பவர் யாராயினும் செய்து பார்க்கலாம் என்று அவர் எழுதிவைத்தார். இவையெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டுக்கு ஒப்பானவையே. ஆயினும் பார்ப்பவர் மனப்பாங்கைப் பொறுத்துப் புதிய எண்ணங்கள் உதிக்க இவை துணையாகலாம் என்ற கருத்தை அவரே தெரிவித்திருக்கிறார். நூல் வெளியான ஆண்டிலேயே அவர் காலமானார். இருபதாம் நூற்றாண்டில் தேநீர்ப் பாவையை மீண்டும் செய்ய முற்பட்டவர்கள், முக்கியமாக இந்த ஒரு நூலைத் துணையாகக் கொண்டே அதைச் செய்து நடக்கவும் வைத்தனர். நூற்று எழுபது ஆண்டுகள் கழித்தும் ஒரு செய்முறை பிசகாமல் பலித்தது என்றால், எழுதியவருடைய சத்தியத்துக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்பாவையின் வயிற்றில் என்னதான் இருந்தது? ஆணி முதலிய சிலவற்றைத் தவிர, ஏறக்குறைய எல்லாம் மரம். பல்சக்கரத்தை ஒரே பலகையில் வெட்டினால், மரத்தின் இழை ஒரு திசையில் மட்டும் ஓடுவதால், இழைக்குக் குறுக்கே அமையும் பற்கள் எளிதில் ஒடிந்துவிடும். ஆகவே வண்டிச்சக்கரத்துக்கு வட்டை சேர்ப்பதுபோலப் பல துண்டுகளை வட்டமாக ஒட்டி, எல்லாப் பற்களிலும் இழை நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடும்படி செய்தனர். முறுக்கிவைக்கும் விசைக்கு எஃகுச் சுருள் கிடைப்பது அரிது. கடலில் பிடிபடும் திமிங்கலத்தின் வாயில் சல்லடைபோலத் தொங்கும் வளையக்கூடிய தகட்டை மெல்லிய நாடாவாக அரிந்து, சுருட்டி, அதையே விசையாக்கினர். பாவைக்கூத்து மரத்தலைகளின் புருவத்தையும் கண்ணையும் அசைப்பதற்கும் அதே தகடு பயன்பட்டது. முறுக்கிய விசை அவிழும்போது சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் ஓடிவிடாதபடி, கடிகாரத்தில் உள்ளதைப்போன்ற ஒரு தடுப்பு, பல்லுக்குப் பல் நிறுத்தி நிறுத்தி விடுகிறது. ஆதலால்தான் பாவை நிதானமாக வருகிறது. கையிலுள்ள தட்டு உள்ளே ஒரு நூலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கிண்ணத்தின் கனத்தில் கை சற்றே தாழ்ந்தால் நூல் இழுபட்டு முட்டுக்கட்டை விலகும், சக்கரம் ஓடும். கிண்ணத்தை எடுத்தால் கை உயர்ந்து முட்டுக்கட்டை விழும், சக்கரம் நிற்கும். உண்மையில் பாவையைச் சுமந்துசெல்பவை ஆடைக்குள் மறைந்த சக்கரங்கள். முன்னே தெரியும் பாதங்கள் நடப்பதாகப் பாவனை மட்டும் செய்கின்றன. குறித்த தூரம் சென்றதும் வளைவான மரத்தகடு ஒன்று நெம்புகோலைத் தள்ளி முன்சக்கரத்தைத் திருப்பிவிட, பாவையும் திரும்பிவிடுகிறது. ஆகவே விருந்தினர் எத்தனை தூரத்தில் உட்கார வேண்டும் என்பதை வீட்டுக்காரர் முன்கூட்டியே அளந்து, அதற்கேற்ற இடத்தில் அவரை அமர்த்தியிருக்க வேண்டும். விருந்தினர் சற்றுத் தள்ளி உட்கார்ந்துவிட்டால் தேநீர் அவரை எட்டுமுன்னரே புறமுதுகு காட்டிவிடும். யந்திரத்தின் குறைபாட்டை உபசாரத்தின் நுணுக்கத்தால் மூடிய இந்த ஏற்பாட்டை நான் வெகுவாக ரசிக்கிறேன்.

வேறு பாவைகளும் உண்டு. உடலுக்குள் குழாயில் அடைத்த பாதரசம் இடம்மாறுவதன் கனத்தாலேயே படிக்கட்டில் குட்டிக்கரணம் போட்டு இறங்கும் பாவை ஒன்று. யாடபே ஊரைச் சேர்ந்த ஈஸுகா இகாஷிச்சி என்பவர், எதிர்க்கடைக்குத் தானே போய் மதுக்குப்பியை நீட்டி, நிரப்பியதும் திரும்பிவரும் பாவை செய்தார் என்றொரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, தெருவில் அப்படி ஒன்று போவதைக் காண ஊரார் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. இதே காலத்தில் ஐரோப்பாவிலும் விநோத யந்திரங்களுக்குக் குறைவில்லை. பிரான்சில் வோகான்ஸோன் 1738இல் மெய்யாகவே புல்லாங்குழல் ஊதும் பாவையைக் காட்டினார். அடுத்து, தானியம் தின்று எச்சமிடுவதாகப் பாவனை செய்த வாத்து ஒன்றையும் காட்டினார். ஸ்விட்ஸர்லாந்தில் ஜாக்கே திரோஸ் குடும்பத்தார் 1774இல், நாற்பது எழுத்துக்கள் வரை எந்த வாசகத்தையும் எழுதக்கூடிய சிறுவனைச் செய்தனர். ஐரோப்பியர் உயிருள்ள உடலே ஒரு யந்திரமோ என்ற தத்துவ விசாரத்தில் இறங்கி, குடலையும் மூச்சையும் போலி செய்ய முயன்றனர். ஜப்பானியப் பாவைகளில் அந்த விசாரத்தைக் காணோம். அவை விருந்தோம்பின, விளையாடின. தத்துவம் இல்லாததை நான் ஒரு குறையாகக் கருதவில்லை.

இனி, இத்தொழிலின் கடைசிப் பெருந்தகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கியூஷு தீவிலுள்ள குருமே நகரில், ஆமையோட்டில் சீப்பு முதலியன செய்யும் கைவினைஞரின் மகனாக 1799இல் பிறந்தவர் டனாகா ஹிஸாஷிகே. எட்டொன்பது வயதிலேயே, கயிற்றை ஒருவிதமாக முறுக்கினாலொழியத் திறக்காத மைக்கூட்டுப் பெட்டி ஒன்றைச் செய்து பள்ளித் தோழர்களைத் திணறடித்தாராம். அதே ஊரில் இனோவே டென் என்ற பெண்மணி, நூலை முன்கூட்டியே கட்டிச் சாயமேற்றி நெய்யும் ஒருவகைத் துணியைத் தம் இளம்பிராயத்திலேயே உருவாக்கிப் புகழ்பெற்றிருந்தார். அத்துணியில் பூவும் சித்திரமும் வரவேண்டும் என்ற ஆசையோடு அவர் உதவி நாடியது, தம்மினும் பதினோரு வயது இளையவனான இந்தப் பையனைத்தான். பையன் உதவினான். பிற்பாடு அவன் தந்தையின் தொழிலைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஊர்க்கோயில் உற்சவங்களில் யந்திரப் பாவைகளைக் காட்டிப் பேர்வாங்கி, ஒஸாகா, கியோட்டோ, எடோ என்று கூத்து நடத்திச் சுற்றினான். 

அவர் செய்தவற்றுள் வில்லேந்திய சிறுவன் பாவை தலைசிறந்தது. மேடையில் அமர்ந்திருக்கும் சிறுவன் பக்கத்திலுள்ள தாங்கியிலிருந்து அம்பொன்றை எடுத்து, நாணில் பூட்டி, வில்லை வளைத்து, எதிரேயுள்ள இலக்கை நோக்கி எய்கிறான். இவ்வாறு நான்கு அம்புகள். அவற்றுள் ஒன்று தவறும்படியாக டனாகா வேண்டுமென்றே அமைத்திருக்கிறார் என்பர். நான்கும் தைத்தால் அது யந்திரம். ஒன்று தவறி, சிறுவன் தலையைச் சற்றே சாய்க்கும்போது, பார்ப்பவர்கள் ஐயோ என்று பரிதவித்து, அடுத்தது தைக்கையில் ஆரவாரம் செய்கிறார்கள். முகமோ செதுக்கிய மரம், அதில் ஒரு தசையும் அசைவதில்லை. தலை சாயும் கோணத்தையும் நிழல் விழும் விதத்தையும் கொண்டே ஏமாற்றமும் பெருமிதமும் அதில் தோன்றும்படி செய்துவிட்டார். தூரிகை பிடித்துச் சித்திர எழுத்துக்களை எழுதும் இன்னொரு பாவையும் அவருடையது. அமெரிக்காவுக்குப் போய்விட்டிருந்த அது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தாயகம் திரும்பிற்று.

வயது முதிர முதிர அவருடைய சிந்தை பாவையைவிட்டு விளக்குக்கும் கடிகாரத்துக்கும் திரும்பியது. 1834இல் ஒஸாகாவில் குடியேறினார். மூன்றாண்டு கழித்து அந்நகரில் அரிசிப் பஞ்சத்தையொட்டி மூண்ட கலகத்தின் தீயில் வீடு போயிற்று. கியோட்டோவுக்கு அருகே ஃபுஷிமியில் குடியேறி, அழுத்திய காற்றின் விசையால் எண்ணெய் தானே திரிக்கு ஏறி நெடுநேரம் ஒரே சீராக எரியும் விளக்கைச் செய்து விற்றார். இரவில் கணக்கெழுதும் வணிகர்களுக்கு அது வரப்பிரசாதமாயிற்று. ஐம்பதை நெருங்கும் வயதில், பஞ்சாங்க சாஸ்திரத்துக்குப் பரம்பரை அதிகாரிகளான குடும்பத்தாரிடம் மாணவராகச் சேர்ந்து வான சாஸ்திரம் கற்றார். 1849இல் அரண்மனை அவருக்களித்த கௌரவப் பட்டமும், இருநூறாண்டுக்கு முன் டகேடாவுக்குக் கிடைத்ததைப் போலவே, ஓமி நாட்டின் பெயரைத் தாங்கியது.

கற்றதற்கெல்லாம் பலனாக 1851இல் முற்றுப்பெற்றது ‘பத்தாயிரம் ஆண்டுக் கடிகாரம்’. ஆறு முகங்கள் அதற்கு. ஒன்றில் ஜப்பானியப் பொழுதுகள்; ஒன்றில் ஆண்டின் இருபத்துநான்கு பருவக் கூறுகள்; ஒன்றில் வாரநாள்; ஒன்றில் அறுபதின் சுழற்சியில் வரும் நாட்பெயர்கள்; ஒன்றில் பிறை வளர்வதும் தேய்வதும்; ஒன்றில் ஐரோப்பியக் கடிகாரம். உச்சியில் கண்ணாடிக் குமிழுக்குள் ஜப்பானியப் பூபடத்தின் மீது சூரியனும் சந்திரனும் எழுந்து சாய்கின்றன. வடக்கும் தெற்குமாகச் சூரியன் அயனம் மாறுவதும் தெரிகிறது. ஒருமுறை முறுக்கிவிட்டால் ஓராண்டு ஓடும்படியாகச் செய்யப்பட்டது. முன்னே சொன்ன கோணல் பொழுதுகளின் சிக்கலை அவர் அவிழ்த்த விதந்தான் எல்லாவற்றிலும் அபூர்வம்: எடையைக் கையால் நகர்த்த வேண்டியதில்லை. முகப்பில் பதித்த பொழுதுக் குறிகளே, ஆண்டு முழுவதும், பகல் நீள நீள அகன்றும் சுருங்கச் சுருங்க நெருங்கியும் தாமாக நகர்ந்துகொள்கின்றன. முன்னும் பின்னுமாகத் திசைமாறும் அந்த அசைவைத் தருவதற்கு அவர் வகுத்த சக்கரத்துக்கு முன்னோடியே இல்லையென்று, 2004இல் அக்கடிகாரத்தை அங்கம் அங்கமாகப் பிரித்து ஆராய்ந்த நிபுணர்கள் வியந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகளில் பெரும்பாலானவை அரத்தால் கையில் ராவியெடுத்தவை.

இதில் ஒரு கொடிய பரிகாசம் இருக்கிறது. கோணல் காலத்தைக் காட்டுவதில் கைத்திறன் சிகரத்தை எட்டிய இருபத்திரண்டாம் ஆண்டிலேயே அந்தக் காலக்கணக்கு ஒழிந்தது. 1873 ஜனவரி முதல் நாள், ஜப்பானிய அரசாங்கம் ஐரோப்பியப் பஞ்சாங்கத்தையும் சமமான மணிக்கணக்கையும் ஏற்றுக்கொண்டது. முந்நூறு ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தி மெருகேற்றிய கடிகாரங்கள் அத்தனையும் ஒரே நாளில் காட்சிப்பொருள்களாகிவிட்டன. டனாகா அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. அவர் அதற்குள் வேறோர் உலகத்தில் இருந்தார்.

1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கரும்புகைக் கப்பல்கள் உராகா கடற்கரையில் தோன்றி, அடைத்த கதவை இடித்தன. அதே ஆண்டு நாகசாகிக்கு வந்த ருஷியத் தளபதி புட்யாடின் தம் கப்பலில் சிறிய நீராவி ரயில் மாதிரி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதைப் பார்த்தவர்களுள் நாகசாகியை அடுத்த சிற்றரசான சாகாவின் ஆட்களும் இருந்தனர். அந்நாட்டுப் பிரபு நபெஷிமா நவோமஸா, ஏற்கனவே இரும்பு உருக்கிப் பீரங்கி வார்க்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தவர். அவருடைய ஆராய்ச்சிச் சாலைக்கு ஸானோ ட்ஸுனெடாமி என்ற அதிகாரி அழைத்துவந்தவர்களுள் ஒருவர் நம் பாவைக் கலைஞர். டச்சு நூலின் படங்களும், பார்த்தவர்கள் சொன்ன விவரமுமே ஆதாரம். அவற்றைக்கொண்டு 1855இல் அவரும் கூட்டாளிகளும் சாராயத்தீயில் ஓடும் ரயில் மாதிரியைச் செய்து பிரபுவின் முன்னிலையில் ஓட்டினர். அப்போது அவருக்கு வயது 56. பத்தாண்டில், 1865இல், அவர் கைப்பட்ட நீராவி யந்திரம் பூட்டிய ‘ரியோஃபு மாரு’ என்ற கப்பல் மிதந்தது. பிறகு எழுபதைத் தாண்டிய வயதில், 1873இல் டோக்கியோவுக்கு வந்து அரசாங்கத்துக்குத் தந்திக் கருவிகள் செய்யும் வேலையை மேற்கொண்டார். 1875இல் கின்ஸா வீதியில் தொழிற்சாலை திறந்து, எந்த யந்திரமாயினும் யோசித்துச் செய்து தரப்படும் என்ற பொருளில் பலகை மாட்டினார். 1881இல் அவர் காலமானபின் வளர்ப்பு மகன் அதை ஷிபாவுரா என்ற இடத்துக்கு மாற்றிப் பெருக்கினார். 1939இல் அது மின்விளக்குக் கம்பெனி ஒன்றோடு இணைந்து டோக்கியோ ஷிபாவுரா மின்சாரக் கம்பெனி ஆயிற்று. அப்பெயரின் சுருக்கம்தான் உலகெங்கும் தெரிந்த தோஷிபா.

இக்கதையைக் கேட்பவர்கள் இரண்டு தவறான முடிவுகளுக்கு வரக்கூடும். தேநீர்ப் பாவையே இன்றைய ஜப்பானிய யந்திர மனிதர்களுக்கு மூதாதை என்று நேர்க்கோடு போடுவது ஒன்று. விளம்பரம் எழுதுவோருக்கு அது சௌகரியமான கோடு. டனாகா நீராவியைக் கற்றது டச்சு நூலிலிருந்து. பாவையிலிருந்து அவருக்குக் கிடைத்தது நீராவி சாஸ்திரமல்ல, ஒரு படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது எப்படி இயங்கும் என்று மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சியும், அதைச் செய்துமுடிக்கும் கையும்தான். மற்றது, தடைகள் இருந்தமையால்தான் இந்த நுட்பம் வளர்ந்தது என்று பழைய ராஜாங்கத்துக்கு மறைமுகமாகப் புகழ்மாலை சூட்டுவது. தடை எதையும் வளர்க்கவில்லை, திசைதிருப்பிற்று. பாலமும் வண்டியும் ஆலையும் செய்திருக்கக்கூடிய எத்தனையோ கைகள் படிக்கட்டில் குட்டிக்கரணம் போடும் பாவைகளோடு முடிந்துபோயிருக்கும். குனிடோமோ ஊரில் துப்பாக்கி செய்யும் குலத்தில் பிறந்த இக்கான்ஸாய் என்பவர், 1830களில் தாமே தொலைநோக்கி செய்து சூரியனின் கரும்புள்ளிகளை நாள்தோறும் வரைந்து வைத்தார். அதை எடுத்து வளர்க்கச் சங்கமோ சர்வகலாசாலையோ அவருடைய நாட்டில் அன்று இல்லை. விளையாட்டு மட்டும் அனுமதிக்கப்பட்ட இடத்தில் மூளை விளையாட்டிலேயே ஒதுங்கிப் பிழைத்தது என்று சொல்லலாம்; அதற்கு மேல் பெருமை பேசுவது நியாயமாகாது.

செல்வர் வீட்டுக் கூடங்களிலிருந்தும் ஒஸாகாவின் அரங்குகளிலிருந்தும் மறைந்துபோன கராகுரி, தேர் உற்சவங்களில் மட்டும் அறுந்துபோகாமல் வந்திருக்கிறது. மத்திய ஜப்பானின் ஐச்சி, கிஃபு பிரதேசங்களில் கோயில் தேர்களின் மேல்தட்டில் பாவைகள் ஆடுகின்றன. டகாயாமா நகரின் இலையுதிர்கால உற்சவத்தில் ஹோட்டே என்ற தொந்திக் கடவுளின் தேர்மீது இரண்டு சிறுவர் பாவைகள் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவி அவர் தோள்களில் வந்து உட்காருவதற்கு, உள்ளே மறைந்திருக்கும் எட்டொன்பது பேர் 36 நூல்களை இழுக்க வேண்டும். ஒரு நூல் பிசகினால் சிறுவன் நடுவில் தொங்குவான். 2016இல் யுனெஸ்கோ இத்தகைய 33 தேர் உற்சவங்களை மானிட குலத்தின் பாரம்பரியச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. டனாகாவின் கடிகாரம் டோக்கியோ உவேனோவிலுள்ள தேசிய விஞ்ஞானக் காட்சிசாலையில் இருக்கிறது. ஜப்பானுக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள் அதை அவசியம் பார்க்க வேண்டும். ஏப்ரல் மாதத்தில் போகிறவர்கள், முதல் சனிக்கிழமையும் மறுநாளும் இனுயாமா நகரில் தங்குவார்களானால், கராகுரிப் பாவைகள் ஏறிய 13 தேர்களையும் ஒருசேரக் காணலாம்.